தொழில்நுட்பத்தைக் கேலி செய்யும் விளம்பரம் எடுப்பது எப்படி? பாளையங்கோட்டை மாணவர்களுக்கு ஒரு பதில்

பாளையங்கோட்டையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "தொழில்நுட்பத்தை நாம் எவ்வளவு நம்பிக் கிடக்கிறோம் என்று விமர்சிக்கும் பகடி விளம்பரம் ஒன்று எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து செய்கிறோம். ஒரு குடும்பம் சாப்பிடும்போது ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி யோசித்து வைத்திருக்கிறோம். இது போதுமா? நிஜ நிறுவனத்தின் பெயரைப் போடலாமா? செல்போனில் எடுத்து, இன்ஸ்டாகிராமிலேயே போட்டால் அது முரணாக ஆகிவிடாதா?"

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கடைகளுக்கு விளம்பரம் எழுதுகிறவன். கேபிளில் ஓடுவது, தியேட்டர் இடைவேளையில் ஓடுவது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போவது எல்லாம் எழுதியிருக்கிறேன். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பகடி செய்ய முடியும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாப்பாட்டுக் காட்சியை விட்டுவிடுங்கள். எல்லோரும் பார்த்துச் சலித்த காட்சி என்பது சின்னக் காரணம்தான். அது விளம்பரமே இல்லை என்பதுதான் பெரிய காரணம். அதில் யாரும் எதையும் விற்கவில்லை. விளம்பரம் என்றால் ஒரு சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு ஒரு வாக்குறுதி தர வேண்டும். அதைச் சொல்ல ஒரு குரல், வாங்கியவர் முகத்தில் ஒரு நிம்மதி, கடைசியில் மூச்சுவிடாமல் ஓடும் நிபந்தனைகள், இவ்வளவும் இருந்தால்தான் பார்க்கிறவர் "இது விளம்பரம்" என்று நம்பி உட்காருவார். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் அதை உடைக்க முடியும். உங்கள் காட்சியில் இருப்பது அறிவுரை. அறிவுரையைக் கேட்க இந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காட்சி ஆட்களைத் திட்டுகிறது. மேலப்பாளையத்திலோ ஏர்வாடியிலோ ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில், வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தா (அப்பா) உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் போன் சாப்பாட்டைக் கெடுக்கவில்லை. அங்கே அதுதான் குடும்பத்தை ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது. போனைப் பார்க்கிறவரைக் குற்றவாளியாக்கும் படம் அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். என்னிடமிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆட்களை விட்டுவிட்டு, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியைக் குறிவையுங்கள். "உங்களை இணைக்கிறோம்", "நேரத்தை மிச்சப்படுத்துகிறோம்", "இனி வரிசையில் நிற்க வேண்டாம்" என்று யாரோ சொன்னார்கள் அல்லவா, அந்தச் சொல்லைப் பிடியுங்கள்.

இந்தக் கலையை இன்றைய வடிவத்தில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் வான்கூவர் நகரத்து 'ஆட்பஸ்டர்ஸ்' குழுவினர். 1989-ல் கால்லே லாஸ்னும் பில் ஷ்மால்ஸும் தொடங்கியது. அங்கே மர நிறுவனங்கள் சேர்ந்து "காடுகளை நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்ற பொருளில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓட்டின. இவர்கள் பதிலுக்கு ஒரு விளம்பரம் எடுத்து, காசு கொடுத்து ஒளிபரப்ப நேரம் கேட்டார்கள். அரசுத் தொலைக்காட்சி நேரத்தை விற்க மறுத்துவிட்டது. பணம் கொடுத்தாலும் ஒரு பக்கக் குரலுக்குத்தான் இடம் என்று தெரிந்ததும் பத்திரிகை தொடங்கினார்கள். அந்தப் பத்திரிகையில் 1996-ல் வந்த ஒரு பகடி உங்களுக்கு நல்ல பாடம். ஒரு சிகரெட் நிறுவனம் 'ஜோ கேமல்' என்ற கார்ட்டூன் ஒட்டகத்தைக் கறுப்புக் கண்ணாடியும் மிடுக்குமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்காட் பிளவுஸ் என்ற உளவியல் பேராசிரியரின் யோசனையில், அதே ஒட்டகத்தை ஆஸ்பத்திரியில் கீமோ சிகிச்சை எடுத்துக்கொள்ளும் 'ஜோ கீமோ'வாக வரைந்தார்கள். அதே ஒட்டகம், அதே பாணிப் படம்; இடம் மட்டும் மாறியது. புகைபிடிக்கிறவரை அது ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் தூதராக, அவனுடைய பகைவனான தொண்டைமானின் படைக்கல அறைக்குப் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களையெல்லாம் காட்டுகிறான். ஔவையார் என்ன சொல்கிறார்? இவையெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வஞ்சப் புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஔவையார் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆயுதங்கள் உண்மையிலேயே பளபளத்தன. புகழ்ந்த ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், அந்த நிஜமே அவனைக் கவிழ்த்தது. உங்கள் விளம்பரத்தின் குரல் சொல்லும் ஒவ்வொரு பெருமையும் அதே மாதிரி உண்மையாக இருக்க வேண்டும். "எங்கள் செயலி உங்கள் மூளையைத் தின்னும்" என்று விளம்பரக் குரல் சொன்னால் அப்போதே அது செத்துவிட்டது. எந்த விளம்பரமும் அப்படிப் பேசாது.

அடுத்தது, எதைப் பிடிப்பது. 'தொழில்நுட்பம்' என்று மொத்தமாக எடுத்தால் ஒரு நிமிடத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சார்பை எடுங்கள். எது பயன்பாடு, எது சார்பு என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான கேள்வி உண்டு: அது நின்றுபோனால் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். கரண்ட் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. கையில் போன் இருந்தவரிடம் காசு இல்லை. காசெல்லாம் போனுக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுப் போனில் கொஞ்சம் சிக்னல் வந்தபோதும், சொந்த அக்கா நம்பர் மனப்பாடமாகத் தெரியாமல் நின்றவர்களைப் பார்த்தேன். அண்ணாச்சி கடையில் மெழுகுவத்தியும் ரொட்டியும் பற்று நோட்டில் எழுதித்தான் கொடுத்தார்கள். மறுபக்கம், சிக்னல் இருந்த இடங்களில் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் படகும் சாப்பாடும் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்தான் நல்ல பகடி எழுத முடியும். உலக அளவில் பார்த்தால், 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கேள்வி அங்கேயும் இதேதான்.

எதைத் தொடக் கூடாது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். வயல்காட்டு மோட்டாரைப் போனில் போட்டு நிறுத்தும் கருவி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. மும்முனைக் கரண்ட் ராத்திரி எந்த நேரம் வருமோ, அந்த நேரத்துக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டவர்கள் பாம்புக்கும் பயந்தார்கள், தூக்கத்தையும் இழந்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே ஒரு அழைப்பில் முடிகிறது. "விவசாயிகூட போனுக்கு அடிமை" என்று இதைக் கேலி செய்தால் அது வரப்பில் நடக்காதவர் செய்யும் கேலி.

சரி, ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். கதை சொல்லும்போது எதிரே இருப்பவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ஆச்சி கதையை நிறுத்திவிடுவாள். வில்லுப்பாட்டிலும் அப்படித்தான்: தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். கேட்பது என்பதே நம் ஊரில் சத்தம் போட்டுச் செய்யும் காரியம். இன்னொரு பக்கம், 2015-லேயே கூகுள் மின்னஞ்சலுக்கு மூன்று பதில்களைத் தானே எழுதிக் கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நாம் தொட்டால் போதும், பதில் போய்விடும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருக்கிற வசதியை இன்னும் ஒரே ஒரு படி நகர்த்தினால் ஒரு சரக்கு கிடைக்கிறது: ஆச்சி கதை சொல்லும்போது நமக்குப் பதிலாக 'ம்' கொட்டும் பெட்டி. பெயர் 'உம்கொட்டி'.

காட்சி: பழைய வீட்டுத் தார்சா (முன்கூடம்). காலை வெயில். ஆச்சி பத்தமடைப் பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். எதிரே பேரன், முகத்தில் மரியாதை, கையில் போன்.

குரல்: உங்கள் வீட்டில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்களா? நீங்கள் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களா?

ஆச்சி: அந்த வருசம் வெள்ளத்துல குறுக்குத்துறை கோயிலே முங்கிப் போச்சு, பாத்துக்கோ...

குரல்: இதோ வந்துவிட்டது, உம்கொட்டி!

(பேரன் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை ஆச்சி முன்னால் வைக்கிறான்.)

பெட்டி: ம்.

ஆச்சி: ஒங்க தாத்தா அந்தத் தண்ணியில எறங்கி...

பெட்டி: அப்படியா!

குரல்: 'ம்', 'அப்படியா', 'அடப்பாவமே' என மூன்று உணர்ச்சிகள். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஒரு வாரம் கேட்கும். இனி உங்கள் அன்புக்குரியவர்கள் பதில் இல்லாமல் பேச வேண்டியதில்லை.

ஆச்சி (பெட்டியிடம்): நீ சாப்பிட்டியாய்யா?

பெட்டி: ம்.

குரல் (வேகமாக): சொல்பவர் சொல்வதை நிறுத்திவிட்டால் உத்தரவாதம் பொருந்தாது. கேட்காமல் விட்ட கதைகளைத் திரும்பப் பெற முடியாது. பெட்டி கேட்ட கதைகள் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தப்படும்.

இதில் குரல் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. பெட்டி உண்மையிலேயே 'ம்' கொட்டுகிறது, பதில் உண்மையிலேயே வருகிறது. பேரன் கெட்டவனும் இல்லை. அவன் ஆச்சி மனம் கோணக் கூடாது என்றுதான் அதை வாங்கி வைக்கிறான். அந்த நல்ல எண்ணத்தையே சரக்காக்கி விற்கிறார்கள் என்பதுதான் கோபப்பட வேண்டிய இடம். கடைசியில் வரும் மூன்று நிபந்தனைகளில் மூன்றாவதை யாரும் மாற்றி எழுத வேண்டியதே இல்லை. நாம் தினமும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்டுவிட்டுப் போகும் நிபந்தனைகளில் அநேகமாக அப்படியே இருக்கிறது. பரஸ்பர நிதி (மியூச்சுவல் ஃபண்ட்) விளம்பரங்களின் கடைசியில் சந்தை அபாயம் பற்றி ஒரே மூச்சில் சொல்வார்களே, அந்த வேகம் பார்க்கிறவர் காதுக்குப் பழகியது. அந்த வேகத்தில் சொன்னால்தான் வலிக்கும்.

நீளத்தைக் கவனியுங்கள். ஒரு நிமிடப் படம் என்றால் பேசும் சொற்கள் 90-ஐத் தாண்டாமல் எழுதுங்கள். முகத்துக்கும் இடைவெளிக்கும் நேரம் வேண்டும். ஆச்சி கேட்ட கேள்விக்குப் பெட்டி 'ம்' சொல்லும் முன்னால் இரண்டு நொடி விட வேண்டும். அதை வெட்டினால் படம் போயிற்று.

நடிப்பு, இதுதான் மாணவர் படங்களில் பெரும்பாலும் சரியாக வருவதில்லை. நடிக்கிறவருக்கே இது பகடி என்று தெரிந்து, வாயோரத்தில் ஒரு சிரிப்பு வரும். வரவே கூடாது. உம்கொட்டி ஒரு நல்ல பொருள் என்று மனதார நம்பி நடிக்கச் சொல்லுங்கள். குரல் கொடுப்பவர் ஜவுளிக்கடை விளம்பரம் பேசுகிற அதே கனிவோடு பேச வேண்டும். வெளிச்சமும் விளம்பர வெளிச்சமாக இருக்க வேண்டும். சோக இசையும் இருட்டு அறையும் வேண்டாம். காலை எட்டு மணி வெயில், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, ஜன்னல் ஓரம், இவ்வளவு போதும். படம் பிரகாசமாக இருக்க இருக்கத்தான் அதற்குள் இருக்கும் விஷயம் உறுத்தும்.

பேச்சுமொழி பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. குரல் கழுவித் துடைத்த விளம்பரத் தமிழில் பேசட்டும். ஆச்சி நம்ம ஊர்த் தமிழில் பேசட்டும். ஆனால் நெல்லைத் தமிழே நகைச்சுவை என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏலே", "மக்கா" என்று வரிக்கு வரி போட்டுச் சிரிக்க வைக்கும் வழக்கம் சினிமாவால் வந்தது. நிஜ ஆச்சி பேரனிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேச விடுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுக்காதீர்கள். "1992 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லுங்க ஆச்சி" என்று கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எந்த ஆச்சியிடமும் அந்தக் கதை இருக்கும். எடுத்து முடித்ததும் முழுப் படத்தையும் அவருக்குப் போட்டுக் காட்டி, வெளியில் விடலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

'உம்கொட்டி'தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. இன்னும் இரண்டு வழி சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, போனில் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோமே, அது. பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போகிற நிலை மாறி, முடிவே இல்லாமல் ஓடும் இந்த வடிவமைப்பை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அதற்காகத் தான் வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். இது மனித பலவீனம் மட்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: நிற்கும் இடத்தை ஒருவர் யோசித்து எடுத்திருக்கிறார். இதை நம்ம ஊர்ப் படித்துறையாக மாற்றலாம். சுற்றுலா விளம்பரம் மாதிரி: "வாருங்கள், கடைசிப் படியே இல்லாத படித்துறைக்கு! இறங்க இறங்க இன்னொரு படி!" துண்டு தோளில் போட்டுக் குளிக்கப் போன ஒருவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார், தண்ணீர் வரவே இல்லை. எடுப்பதும் சுலபம், பத்துப் படிகளைத் திரும்பத் திரும்பக் கோணம் மாற்றி எடுத்தால் போதும்.

இரண்டாவது கனமானது. சார்பு என்றதும் நாம் விரும்பிப் போய் விழுந்ததை மட்டும் நினைக்கிறோம். நம்மைக் கேட்காமல் நம் தலையில் கட்டப்பட்ட சார்பும் இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் எத்தனையோ பேர். இலையும் தூளும் நூலும் பட்டுப் பட்டு விரல் நுனி வழுவழுவென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் இயந்திரம் அந்த விரலைத் தெரியாது என்று சொல்லிவிடும். இன்னொரு விரல், துடைத்துவிட்டு இன்னொரு தடவை, வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முனகல். எதிரே நிற்கும் பணியாளருக்கு அந்த அம்மாவைப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தாலும் பயனில்லை, இயந்திரம்தான் சொல்ல வேண்டும். கண் கருவிழியை வைத்துப் பார்க்கும் வழி, வேறு மாற்று வழி எல்லாம் உண்டுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் பட்ட கூச்சத்துக்கு மாற்று வழி கிடையாது. இதற்கு எழுதக்கூடிய விளம்பரம் ஒரு கை கிரீமுக்கு: "உழைத்துத் தேய்ந்த விரலா? கவலை வேண்டாம். பதினைந்தே நாளில் நீங்கள் மறுபடியும் நீங்களாக ஆகலாம்!" இந்த ஒன்றை மட்டும் மிகுந்த கவனத்தோடு செய்யுங்கள். நிஜ ரேஷன் கடைக்குப் போய் நிஜ மனிதர்களைத் தெரியாமல் படம் பிடிக்காதீர்கள். செட் போட்டு, அந்த வேலை தெரிந்த ஒருவரையே கேட்டு நடிக்க வையுங்கள். பணியாளரையும் வில்லனாக்காதீர்கள், அவரும் அந்த இயந்திரத்துக்கு முன்னால்தான் நிற்கிறார். என்னைக் கேட்டால் இந்த மூன்றில் மிக அவசியமான படம் இதுதான். ஆனால் முதல் படமாக எடுக்க வேண்டாம் என்றும் சொல்வேன்.

இனி நிறுவனத்தின் பெயர். சட்டத்தை மட்டும் பார்த்தால் இடம் முழுவதும் அடைக்கப்படவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. வணிகச் சின்னத்துக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இதில் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. ஒடிசாவில் டாடாவுக்குப் பங்கிருந்த தாம்ரா துறைமுகம் ஆமைகளைப் பாதிக்கும் என்று சொல்லி, கிரீன்பீஸ் அமைப்பு ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. ஆமைகளை டாடா சின்னத்தை வைத்த பூதங்கள் துரத்தும். டாடா தடை கேட்டது. இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. வணிக லாபத்துக்காகச் சின்னத்தைப் பயன்படுத்துவது வேறு, கருத்துச் சொல்லக் கேலியாகப் பயன்படுத்துவது வேறு என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆனாலும் அது ஒரு பெரிய அமைப்பு, வக்கீல் வைத்து நடத்திய வழக்கு. உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தாலே கல்லூரி பயந்துவிடும்.

சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் நான் பெயர் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டால், பார்க்கிறவர் "நான் அந்தச் செயலியை வைத்திருக்கவில்லை, எனக்கில்லை இது" என்று நகர்ந்துவிடுவார். கற்பனைச் சரக்கு என்றால் தப்பிக்க வழியில்லை. எழுத்துரு, வண்ணம், இசை, பேசும் தொனி இவற்றை நிஜ விளம்பரங்களைப் பார்த்து அப்படியே பழகுங்கள். அடையாளச் சின்னத்தை மட்டும் நீங்களே வரையுங்கள்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் படம் வாட்ஸ்அப்பில் தலைப்பும் வாலும் இல்லாமல் சுற்றும். யாரோ ஒரு தாத்தா அதை நிஜம் என்று நம்பி "எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார். அதனால் படத்தில் போன் நம்பர் போடாதீர்கள். ஸ்கேன் செய்தால் வேலை செய்யும் கியூஆர் கோடு, இணைய முகவரி, "முதல் நூறு பேருக்குச் சலுகை" எதுவும் வேண்டாம். அதே பெயரில் யாராவது போலிப் பக்கம் திறந்து காசு வாங்கினால் பழி உங்கள் மேல் வரும். அதைவிட, பணம் போனவர் நம்ம ஊர்க்காரராக இருப்பார். சைபர் மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது என்றாலும், அந்த எண்ணுக்கு நம் படத்தால் ஒரு அழைப்பும் போகக் கூடாது. கடைசிச் சட்டகத்தில், வெட்டி எடுக்க முடியாதபடி, "இது மாணவர்கள் எடுத்த பகடி, இப்படி ஒரு பொருள் விற்பனையில் இல்லை" என்று பெரிய எழுத்தில் இரண்டு நொடி வையுங்கள். ஓரத்தில் சின்னதாகப் படம் முழுக்க ஓடவிட்டாலும் நல்லது. பகடியின் சுவை குறைந்துவிடுமே என்று நினைக்க வேண்டாம். ஜோ கீமோவைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது பகடி என்று தெரியும்.

செல்போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது முரணா? இல்லை. விளம்பரம் எங்கே ஓடுகிறதோ அங்கே அதன் பகடியும் ஓட வேண்டும். ஆட்பஸ்டர்ஸ்காரர்களும் தொலைக்காட்சி விளம்பரத்தை எதிர்க்கத் தொலைக்காட்சி நேரத்தைத்தானே கேட்டார்கள். நீங்கள் போனை எதிர்த்துப் படம் எடுக்கவில்லை. போன் விற்கிறவர்களும் செயலி செய்கிறவர்களும் தரும் ஒரு குறிப்பிட்ட வாக்குறுதியை எதிர்த்து எடுக்கிறீர்கள். இந்த வித்தியாசம் உங்கள் ஐந்து பேருக்கும் தெளிவாக இருந்தால், யார் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

ஆனால் அங்கே மட்டும் போடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் இரண்டு ரீல்ஸுக்கு நடுவே வந்து போனால் அதுவும் ஒரு ரீல்ஸ் ஆகிவிடும். கூட்டமாக உட்கார்ந்து பார்த்தால்தான் பகடி முழுதாக வேலை செய்யும். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதும், திடீரென்று சிரிப்பு நிற்பதும் காதில் விழ வேண்டும். கல்லூரி விழாவில் நிஜ விளம்பரங்கள் இரண்டுக்கு நடுவில் அறிவிப்பு இல்லாமல் போடுங்கள். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவின்போது திரை கட்டினால் அங்கே கேட்டுப் பாருங்கள். படம் வேண்டாம் என்றால் இதையே வில்லுப்பாட்டாக்கலாம். அதற்கு நம் மண்ணில் முன்மாதிரி உண்டு. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், கோயில் கொடையில் இருந்த வில்லை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோய் அன்றாட விஷயங்களைப் பாட வைத்தார். உடுக்கையும் குடமும் தெரிந்த ஒரு குழுவைப் பிடித்து, "ஆமா" போட வேண்டிய இடத்தில் பெட்டி 'ம்' சொல்கிற மாதிரி ஒரு பத்து நிமிடம் செய்தால், திரையில் பார்ப்பதைவிட அதிகப் பேருக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன்.

வெளியிடும் முன் யாரிடம் காட்டுவது என்றும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நண்பர்கள் போதாது, அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். ஒரு வயதானவர், செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒருவர், வெளியூரில் மகன் இருக்கும் ஒரு அம்மா, இப்படி மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். பார்த்ததும் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். "இந்தக் காலத்துப் பயலுவ எல்லாம் இப்படித்தான்" என்று பேரனைத் திட்டினால் வெட்டித் தொகுத்ததில் எங்கோ தவறு இருக்கிறது. பேரன் முகத்தைக் குறைத்து, குரலைக் கூட்டுங்கள். "இப்படி ஒன்னு வந்தாலும் வாங்குவாங்க, பேசிப் பேசியே விப்பானுவ" என்றால் சரியாக வந்துவிட்டது.

எழுத்து வடிவம் முடிந்ததும் காமிராவைத் தொடும் முன்னால், ஐந்து பேரும் உட்கார்ந்து குரலை மட்டும் பதிவு செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். நிஜ விளம்பரம் என்று நம்ப முடிந்தால் படம் எடுக்கப் போகலாம். அந்த ஒலிப்பதிவை எனக்கு அனுப்பினால் நானும் கேட்டுச் சொல்கிறேன்.